இராப்போஜனமும் ஸ்வீடிஷ் 'நட்வார்ட்'டும்

'இராப்போஜனம்' என்னும் பழைய பெயரை விட்டுத் 'திருவிருந்து' என்றே வழங்கவேண்டும் என்பாருக்கு ஒரு நியாயமுண்டு. சூரமங்கலத்து ரயில் சந்திப்பில் இரவு வேலை முடித்து, உறங்காத கண்களோடு காலை ஆராதனைக்கு வருகிறவரிடம், விடிந்தபின் 'இராப்போஜனம்' என்று அறிவிக்க நமக்கே கூச்சமாயிருக்கிறது. ஆயினும் பெயரைக் களையுமுன், 1919இல் தோன்றிய தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையோடு நெடுநாள் உறவுடைய ஸ்வீடன் சபையார் இதே பந்தியை எவ்வாறு அழைக்கின்றனர் என்று நோக்குவது தகும்.

அவர்கள் சொல் 'நட்வார்ட்'. 'நட்' என்பது இரவு. வடமொழி 'நக்தம்' என்பதற்கு இனமானது. 'வார்ட்' உணவைக் குறித்த பழஞ்சொல். பராமரிப்பைக் குறிக்கும் 'வோர்ட்' என்பதோடு இதனை இணைத்து, 'இரவின் பராமரிப்பு' என்று பிரசங்கிப்பது செவிக்கு இனிது. சொல்வரலாறு அதற்கு இடந்தராது. இராவில் உண்ணும் உணவு என்றே அது விரியும். நம் இராப்போஜனமும் அவ்வாறே ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாய் விரிகிறது. இரண்டிற்கும் பின்னால் நிற்பது பவுல் எழுதிய கிரேக்கச் சொல்லாகிய 'தெய்ப்னொன்', அதாவது அந்நாளின் மாலைப் பேருணவு.

ஆனால் ஸ்வீடனில் வீட்டு இரவுணவுக்கும் முன்பு இச்சொல்லே வழங்கிற்று. பின்னர் அது அடுப்பங்கரையை விட்டுப் பீடத்திற்கு மட்டும் உரியதாயிற்று. தனிநின்ற 'வார்ட்' வழக்கொழிந்தபடியால் தொகையின் பொருளும் மங்கிற்று. தெங்னேர் 1820இல் பாடிய 'நட்வார்ட்ஸ்பார்னென்' என்னும் கவிதையில் பிள்ளைகள் பெந்தெகொஸ்தே நாளின் காலையொளியில் கூடி முதற்பந்தி பெறுகின்றனர். தலைப்பில் நிற்கும் இரவு அங்கு உறுத்தவில்லை. நம் சொல்லின் இரு உறுப்புகளோ இன்னும் உயிரோடிருக்கின்றன. உறுத்தல் அதனால்தான், அதனைக் குறையென்று கொள்ள நாம் இசையோம்.

'திருவிருந்து' தாழ்ந்த சொல்லன்று. விருந்து என்பது முதலில் புதுமை, பின் புதிதாய் வந்தவர், அதன்பின் அவருக்கு இட்ட உணவு. அந்நியரை ஏற்கும் பொருள் அதற்குள் இருக்கிறது. கர்த்தர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவோ அதற்குள் இல்லை. கொரிந்து சபையின் குற்றமும் மாலைப் பந்தியில் நேர்ந்ததே: உள்ளவர்கள் முந்தி உண்டார்கள், இல்லாதவர்கள் பசித்திருந்தார்கள். அவ்வாறு பசித்திருந்தவர்கள் வேலை முடிந்து பிந்தி வந்த அடிமைகளும் கூலியாட்களுமே என வேத விளக்கவுரையாளர் பலர் கருதுவர். ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும்படி பவுல் எழுதியது அவர்களை முன்னிட்டே. ரயிலடியிலிருந்து பிந்தி வருகிறவரே இச்சொல்லின் முதற்பாதியை நமக்கு விளக்கிக் காட்டக்கூடியவர். அவர்பொருட்டே அதனை நீக்கவேண்டும் என்பது நமக்கு விளங்கவில்லை.