ஹவுஸ்ஃபுல் பலகை இல்லாத தொழில்

கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளை எண்ணி விடவேண்டியதில்லை. வணிக வளாகம், பொழுதுபோக்கு மையம் நடத்த முறையாகப் படித்த மேலாளர்கள் பத்துப் பேரை இறக்கினால் எவ்வளவு கூட்டம் வந்தாலும் சமாளித்துவிடலாம். இந்தப் பேச்சை ஒவ்வொரு சீசனிலும் கேட்கிறேன். சொல்கிறவர்களில் எனக்கு வேண்டியவர்களும் உண்டு. அவர்கள் நம்பியிருக்கும் அந்தப் படிப்பு எதைச் சொல்லித் தருகிறது என்று உட்கார்ந்து பார்த்த பிறகு எனக்குப் பயமே வந்தது. கூட்டத்தைச் சேர்க்கத்தான் அங்கே கற்றுத்தருகிறார்கள். சேர்ந்த கூட்டத்தை எந்த இடத்தில் நிறுத்துவது என்ற கேள்வியே அதில் எழவில்லை.

படிப்பே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. கடைகளை ஆளுக்கொன்றாக விற்றுவிட்டுக் கட்டியவர் கைகழுவிப் போன வளாகங்கள் என்ன ஆயின என்று நமக்குத் தெரியும். நடையில் எரியாத விளக்கை யார் மாற்றுவது, கழிப்பறையை யார் கழுவுவது என்ற சண்டையிலேயே பல பாழடைந்தன. ஒரே நிர்வாகத்தின் கீழ் கடைகளை வாடகைக்கு விட்டு நடத்தும் வளாகங்கள் சென்னையில் இன்றும் நின்று வியாபாரம் செய்கின்றன. 2010இல் வந்த எக்ஸ்பிரஸ் அவென்யூவும் 2013இல் வந்த பீனிக்ஸும் அந்த வகை. அங்கே மின்படி ஓடுகிறது, தண்ணீர் வருகிறது, குழந்தை தொலைந்தால் அறிவிக்க ஆள் இருக்கிறது. இது பயிற்சி தந்த பலன்தான். எங்கள் பிள்ளைகளுக்கும் அதனால் நன்மை உண்டு. முடிக்கொத்து நோயில் மலைவாழை சரிந்ததைப் பார்த்த கீழ்மலைக் குடும்பங்களுக்கு, விற்பனை உதவியாளர், குழுத் தலைவர், கடை மேலாளர் என்று படிப்படியாக ஏறும் ஒரு வேலை கிடைப்பது சிறிய விஷயமில்லை. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் இப்படிப்பட்ட ஏணிகளைக் கல்லூரி வாசலுக்குக் கொண்டுவரத்தான் முயல்கிறது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஏணியில் ஏறியவன் என் அக்கா மகன். கீழே நகரத்தில் ஒரு மாலில் துணை மேலாளராக இருக்கிறான். பொங்கலுக்கு எங்கள் ஊரான பண்ணைக்காட்டுக்கு வந்தபோது தன் படிப்பின் கோப்பை எனக்குக் காட்டினான். மூன்று நாள் அதை வைத்துப் படித்தேன். குத்தகை ஒப்பந்தம் போடுவது, எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை இருந்தால் இரண்டும் பிழைக்கும் என்பது, பண்டிகை அலங்காரம், துப்புரவு ஒப்பந்தம், மின்கட்டணம் குறைப்பது, கோபமாக வரும் வாடிக்கையாளரிடம் பேசுவது, எல்லாம் இருந்தன. சில பகுதிகள் நன்றாகவே எழுதப்பட்டிருந்தன. ஆனால் எந்தப் பாடத்தைத் திறந்தாலும் அது கடைசியில் வந்து நிற்கும் இடம் ஃபுட்ஃபால். இன்றைக்கு எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், எத்தனை பேர் பை வாங்கிக்கொண்டு போனார்கள். அவன் ஒவ்வொரு இரவும் மேலே அனுப்பும் அறிக்கையின் முதல் வரியும் அதுதான். தீ என்ற தலைப்பில் ஒரு பாடம் இருந்தது. அணைப்பான்களின் வகை, ஒத்திகை நடத்தும் முறை, தீயணைப்பு நிலையத்தின் எண். ‘இந்தக் கட்டடத்துக்குள் ஒரே சமயத்தில் எத்தனை பேர் இருக்கலாம்’ என்ற வரியைத் தேடிக்கொண்டே போனேன். கடைசிப் பக்கம் வரை அது இல்லை.

எங்கள் தலைமுறைக்கு ஒரு பலகை தெரியும். வத்தலக்குண்டுக்கு இறங்கிப் படம் பார்க்கப் போன காலத்தில், கொட்டகை நிறைந்ததும் வாசலில் ஹவுஸ்ஃபுல் பலகை தொங்கும். அதை மாட்டுகிறவர் மேலாளர். மலையிலிருந்து பஸ் பிடித்து வந்தோம் என்று கெஞ்சினாலும் டிக்கெட் கிடைக்காது. பலகை தொங்குவது அந்தக் கொட்டகைக்குப் பெருமையாக இருந்தது. ஓரத்தில் நாற்காலி போட்டுக் காசு பார்த்தவர்களும் உண்டு. அது தவறு என்று அவர்களுக்கும் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் தெரியும். கல்யாண வீட்டிலும் இதே ஒழுங்குதான். பந்தியில் எத்தனை இலை விழும் என்பது இடத்தைப் பொறுத்தது. அடுத்த பந்திக்கு நிற்பவர் சம்பந்தியே ஆனாலும் நின்றுதான் ஆகவேண்டும். மக்களைக் கூட்டி நடத்தும் தொழில் எதுவானாலும் ‘இடம் நிறைந்துவிட்டது’ என்று சொல்லத் தெரிந்தவர் கையில்தான் அது இருந்தது. அந்த அறிவை எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் பட்டயப் படிப்பாக்கியிருக்கிறார்கள்.

கணக்கே இல்லாததால் விட்டுவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. கணக்கு அச்சில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வணிகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஓர் ஆளுக்கு 3 சதுர மீட்டர் என்றும் மேல் விற்பனைத் தளங்களில் 6 சதுர மீட்டர் என்றும் வைத்து ஆட்களை எண்ணுகிறது. வெளியேறும் வழிக்கும் அளவு உண்டு. படிக்கட்டில் ஆளுக்கு 10 மில்லிமீட்டர் அகலம், சமதள வாசலில் 6.5 மில்லிமீட்டர். அப்படியென்றால் ஒரு மீட்டர் அகலப் படிக்கட்டு 100 பேருக்கு. ஒரு மீட்டர் வாசல் சுமார் 150 பேருக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய வகுத்தல் இது. வரைபடம் ஒப்புதலுக்குப் போகும்போது பொறியாளர் இதைப் போடுகிறார், அதிகாரி பார்க்கிறார், தாள் கோப்புக்குள் போய்விடுகிறது. கட்டடத்தைத் தினமும் நடத்தப்போகிறவனுக்கு அந்த எண் சொல்லப்படுவதில்லை. என் மருமகனிடம் கேட்டேன். வாசலில் ஆளை எண்ணும் கருவி இருக்கிறது, எண்ணிக்கை அவன் கைப்பேசியில் நிமிடத்துக்கு நிமிடம் வருகிறது. அந்த எண் எதைத் தாண்டக் கூடாது என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை நுட்பமான கருவியை வாங்கி வைத்துவிட்டு, அதில் எந்த இடத்தில் சிவப்புக்கோடு போடுவது என்று கற்பிக்காமல் விட்டதை மறதி என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

காரணம் வாடகையில் இருக்கிறது. பெரிய வளாகங்களில் கடைக்காரர் தரும் வாடகை, குறைந்தபட்சத் தொகையும் விற்பனையில் ஒரு பங்கும் சேர்ந்ததாக இருப்பது வழக்கம். கூட்டம் கூடினால் விற்பனை கூடும், விற்பனை கூடினால் உரிமையாளரின் பங்கு கூடும். மேலாளரின் சம்பள உயர்வும் அந்தக் கயிற்றில்தான் கட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் வணிக மையங்களின் சங்கம் 1957இல் உருவாகி, 1964இலேயே மேலாளர்களுக்குச் சான்றிதழ் தரத் தொடங்கிவிட்டது. அந்த மரபின் பிள்ளைதான் நம் பாடத்திட்டமும். இந்தத் துறையில் ‘குரூயன் மாற்றம்’ என்றொரு பெயர் அடிக்கடி வரும். ஒரு பொருள் வாங்க வந்தவர் வந்த காரணத்தை மறந்து சுற்றத் தொடங்கும் தருணத்துக்கு, 1956இல் மினசோட்டாவில் சவுத்டேல் என்ற முதல் மூடிய வளாகத்தை வடிவமைத்த விக்டர் குரூயனின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் விரும்பியது வீடுகளும் பள்ளியும் மருத்துவமனையும் சூழ்ந்த ஒரு ஊர் நடுவம். வந்ததோ கார் நிறுத்துமிடம் சூழ்ந்த கடைப்பெட்டி. கடைசிக் காலத்தில் இந்த வளாகங்களைத் தன் பிள்ளைகள் அல்ல என்று வெளிப்படையாகவே மறுத்துவிட்டார். அவர் பெயரில் உள்ள உத்தியைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில், அவர் மறுத்த கதையையும் அரைமணி நேரம் சொல்லலாம்.

டெல்லி உப்ஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்தார்கள். கீழே மின்மாற்றியில் பற்றிய தீயின் புகை மேலே ஏறியது. பால்கனியின் வலப்புற வழியை, கூடுதல் இருக்கைகள் போட்டு முன்பே அடைத்திருந்தார்கள். ஹவுஸ்ஃபுல் பலகையைக் கொஞ்சம் தள்ளி மாட்டலாம் என்று யாரோ நினைத்ததன் விலை அது. 2024 மே 25 அன்று ராஜ்கோட்டில் ஒரு விளையாட்டு மையம் எரிந்து 27 பேர் மாண்டார்கள், அதில் குழந்தைகளும் இருந்தார்கள். தகரமும் இரும்பும் கொண்டு எழுப்பிய கூடாரம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று கிடையாது. அன்று சனிக்கிழமை. 99 ரூபாய் சலுகைக் கட்டணம் அறிவித்துக் கூட்டத்தை வரவழைத்திருந்தார்கள். அந்தச் சலுகையை மட்டும் பாடப்புத்தகத்தின் கண்ணால் பாருங்கள். வார இறுதி, கோடை விடுமுறை, குறைந்த நுழைவுக் கட்டணம், குடும்பத்தோடு வரும் வாடிக்கையாளர். என் மருமகனின் கோப்பில் அதற்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

பாதுகாப்புக்குத் தனி ஆட்கள் இருக்கிறார்கள், தீயணைப்புத் துறை இருக்கிறது, மேலாளர் எல்லாவற்றையும் படிக்க முடியுமா என்று இதற்குப் பதில் சொல்வார்கள். காவலாளி யார்? ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஆள். ஆறு மாதம் இந்த வாசல், ஆறு மாதம் வேறு வாசல். ‘இனி உள்ளே விடாதே’ என்று சொல்லும் துணிவை அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமா? அந்த வார்த்தையைச் சொல்லவேண்டியவர் மேலாளர், அவர் படிப்பில் அந்த வார்த்தை இல்லை. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு கூட்டம் அளவு மீறினால் என்ன செய்வாய் என்று என் மருமகனிடம் கேட்டேன். “மாமா, கேட்டைச் சாத்துன்னு சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல. சொன்னா மறுநாள் நான் அங்க இல்ல” என்றான். அவனை நான் குறை சொல்லமாட்டேன். அவனைப் படிக்க வைத்தவர்களைத்தான் சொல்கிறேன். அந்த அதிகாரம் இல்லாத ஒருவரை மேலாளர் என்று அழைத்துச் சான்றிதழ் கொடுப்பது அவருக்கும் அநியாயம், உள்ளே நிற்கும் குழந்தைக்கும் அநியாயம்.

கூட்டத்தை வரவழைப்பவர்கள் திருப்பி அனுப்புவதை யோசிப்பதில்லை என்பதைச் சென்னை மெரினாவிலும் பார்த்தோம். 2024 அக்டோபர் 6 அன்று விமான சாகசம் பார்க்க வந்தவர்கள் வெயிலில் நின்று, பிறகு ஒரே நேரத்தில் வீடு திரும்பினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள்.

இப்போது கொடைக்கானல். இங்கே ஊரே ஒரு பொழுதுபோக்கு மையம். 1863இல் வெட்டிய ஏரி, 1872இன் கோக்கர்ஸ் நடை, 1908இன் பிரையண்ட் பூங்கா எல்லாம் சேர்ந்தாலும் அன்று எத்தனை பேருக்காக அமைந்தனவோ அத்தனை பேருக்குத்தான் இடம் உண்டு. இந்த ஊரின் படிக்கட்டு வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைப்பாதை. ஊத்துப் பிரிவில் சனிக்கிழமை காலை நின்று பார்த்தால் அந்தப் படிக்கட்டின் அகலம் புரியும். சௌசௌ மூட்டையும் வாழைத்தாரும் ஏற்றிய வண்டி கீழே இறங்க வழியில்லாமல் நிற்கும். பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிய ஜீப்பும் அதே வரிசையில்தான் நிற்கும். மேலே நெரிந்துவிட்டால் தாண்டிக்குடி வழியாகச் சுற்றிக்கொண்டு எங்கள் ஊருக்குள்ளும் வருகிறார்கள். விடுதிகளில் படித்த மேலாளர்கள் இல்லாமலா இது நடந்தது? இருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் அறையை நிரப்பினார்கள், தான் படித்ததைச் சரியாகவே செய்தார்கள். கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம்தான் வந்து பலகை மாட்டியது. 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 கோடைக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பு. மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று ஆராயச் சென்னை ஐஐடியையும் பெங்களூரு ஐஐஎம்மையும் கேட்டார்கள். நீதிபதிகள் வண்டி எண்ண வேண்டி வந்தது, எண்ணத் தெரிந்திருக்கவேண்டியவர்கள் எண்ணாததால். அந்த வரம்பில் குறைகள் உண்டு, சிறு கடைக்காரர்களின் கஷ்டத்தை நான் நேரில் பார்க்கிறேன். ஆனால் அதை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இந்தப் படிப்பை வைக்கச் சொல்வது, உப்ஹாரில் கூடுதல் நாற்காலி போட்டவரிடமே சாவியைக் கொடுப்பது போல.

போன மாதம் மருமகன் மறுபடி வந்திருந்தான். கீழ்மலையில் காபித் தோட்டம் ஒன்றை வாங்கியவர்கள் அங்கே குடில்கள், கடைகள், பிள்ளைகள் விளையாட ஒரு திடல் எல்லாம் சேர்த்து அமைக்கப்போகிறார்களாம். நடத்த இவனைக் கூப்பிடுகிறார்கள். சொந்த ஊர்ப்பக்கம் வரும் சந்தோஷம் அவன் முகத்தில் இருந்தது, எனக்கும் இருந்தது. வரைபடத்தை விரித்து அறைகளின் எண்ணிக்கை, வார இறுதியில் எதிர்பார்க்கும் வண்டிகள், கடை வாடகை எல்லாம் விளக்கினான். தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டேன். தோட்டத்து ஓரத்துச் சுனையைக் காட்டினான். அது எத்தனை பேருக்குத் தாங்கும் என்று கேட்டேன்.

“அதை யார்கிட்ட மாமா கேக்கறது?” என்றான்.

சித்திரையில் அந்தச் சுனையில் குடம் வைத்து வரிசையில் நிற்கும் பெண்கள் இருவரின் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டான்.