சக்கரத்துக்கு மேல் கிரீடம்: 1947 சுதந்திரப் பதக்கத்தை எப்படிப் படிப்பது?

பழைய ராணுவப் பதக்கங்களை அடையாளம் சொல்பவர்களிடம் ஒரு எளிய சூத்திரம் புழங்குகிறது. கிரீடம் இருந்தால் பிரிட்டிஷ் காலத்தது, நான்முகச் சிங்கம் இருந்தால் சுதந்திர இந்தியாவுடையது. விற்பவர்கள் படத்துக்குக் கீழே போடும் குறிப்பு, குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா சொல்லும் தீர்ப்பு எல்லாமே கிட்டத்தட்ட இதை நம்பித்தான் வருகின்றன. இந்தச் சூத்திரத்தைத் தூக்கிப் போட வேண்டும் என்பது என் கட்சி. எங்கே அது ரொம்பத் தேவையோ அங்கேதான் காலை வாருகிறது. 1947 ஆகஸ்ட் 15க்கும் 1950 ஜனவரி 26க்கும் நடுவில் இருக்கிற அந்த ரெண்டரை வருஷத்தைத்தான் சொல்கிறேன்.

1947ம் ஆண்டு இந்திய சுதந்திரப் பதக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குப்ரோ நிக்கல், 36 மில்லிமீட்டர் வட்டம். ஒரு பக்கம் அசோகர் தூணின் சிங்கங்கள், சுற்றி ஆங்கிலத்தில் 'இந்தியன் இண்டிபெண்டன்ஸ்', '15 ஆகஸ்ட் 1947'. திருப்பினால் அசோகச் சக்கரம், அதுக்கு மேலே பிரிட்டிஷ் கிரீடம், சுற்றி லத்தீனில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயரும் பட்டங்களும். நாடா காவி, வெள்ளை, பச்சை என்று மூணு சம அகலக் கோடு. சிங்கமும் உண்டு, கிரீடமும் உண்டு. சூத்திரப்படி இது என்ன? பலர் ஒரு பக்கத்தை மட்டும் படம் பிடித்து அனுப்புவார்கள். பதிலும் அந்தப் பக்கத்துக்கு ஏத்த மாதிரி வரும்.

வடிவமைப்பாகப் பார்த்தால் இது அழகான பதக்கம் இல்லை. சக்கரத்தின் தலையில் கிரீடத்தைக் கொண்டுபோய் வைத்தது ஒட்டவே இல்லை. ஆனால் நேர்மையான பதக்கம். அந்த ரெண்டரை வருஷம் இந்தியா ஒரு டொமினியன், ஜார்ஜ் மன்னர்தான் சட்டப்படி அரசர். பதக்கத்துக்கான ஆணையும் 1948ல் அவர் பெயரில்தான் வந்தது. நாம் பாடப்புத்தகத்தில் தாண்டிக் குதித்துவிடும் ஒரு இடைக்காலத்தை இந்த உலோகத் துண்டு மறைக்காமல் சொல்கிறது.

லத்தீன் எழுத்துகளையும் விடாமல் படிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்காகத் தந்த 1939-45 போர்ப் பதக்கம் பல வீடுகளில் இதே வரிசையில் பக்கத்திலேயே தொங்கும். அதில் மன்னரின் பட்டங்களோடு 'எட் இண்டியே இம்ப்' என்று இருக்கும், அதாவது 'இந்தியாவின் பேரரசரும்'. சுதந்திரப் பதக்கத்தில் அது இல்லை. 1948 ஜூனில்தான் அந்தப் பட்டத்தை முறைப்படி விட்டார்கள். ஒரே சிப்பாயின் சட்டையில் ரெண்டு பதக்கம், ஒண்ணில் பேரரசர், அடுத்ததில் வெறும் அரசர். படத்தைத் தேடிக் கொடுக்கிற செயலிக்கு இதெல்லாம் கண்ணில் படாது. அது வட்டத்தையும் நிறத்தையும்தான் பார்க்கும்.

சூத்திரம் மறுதிசையிலும் உடையும். டேட்டாபேஸ் வேலை செய்தவர்களுக்கு இது பழகின விஷயம்: ஒரு ரெக்கார்டை உருவாக்கின தேதி வேறு, அது செல்லுபடியாகிற தேதி வேறு. பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா மூன்றும் 1950 ஜனவரி 26 அன்று உருவானவை, ஆனால் 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும். மேஜர் சோம்நாத் சர்மா 1947 நவம்பர் 3 அன்று காஷ்மீரில் பத்காமில் இறந்தார். அவருக்குத் தந்த பரம் வீர் சக்ராவில் கிரீடம் கிடையாது. சுற்றிலும் நாலு வஜ்ராயுதம், நடுவில் அரசு முத்திரை. (வடிவமைத்த சாவித்ரி கானோல்கர் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

'ஜெனரல் சர்வீஸ் மெடல் 1947' கதையும் இதேதான். பெயரில் 1947, உருவானது 1950ல். சிவப்பு நாடாவில் ஐந்து மெல்லிய கரும்பச்சைக் கோடுகள். இதில் பதக்கத்தைவிட முக்கியம், நாடா மேல் குறுக்கே இருக்கும் சின்ன உலோகப் பட்டை. 'ஜம்மு அண்ட் காஷ்மீர்' என்றிருந்தால் ஒரு கதை, 'ஓவர்சீஸ் கொரியா 1950-53' என்றிருந்தால் முற்றிலும் வேறு கதை. கொரியாவுக்குப் போனது லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையிலான 60வது பாராசூட் கள மருத்துவப் பிரிவு. பட்டையைக் கவனிக்காமல் '1947 யுத்தப் பதக்கம்' என்று எழுதுபவர்கள் ஒரு மருத்துவ உதவியாளரை காஷ்மீர் மலைக்கு ஏற்றிவிடுகிறார்கள்.

இதெல்லாம் சேகரிப்பாளர்களின் நுணுக்கம்தானே, நமக்கென்ன என்று கேட்கலாம். சுதந்திரப் பதக்கம் விஷயத்தில் அப்படி விட முடியாது. பெயரில் 'சுதந்திர' என்று இருப்பதால், தாத்தா சுதந்திரத்துக்குப் போராடியதற்கு அரசு தந்தது என்று நிறைய வீடுகளில் நம்புகிறார்கள். உண்மையில் அது 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தியப் படைகளில் பணியில் இருந்தவர்களுக்குத் தந்தது. வீரத்துக்கோ போராட்டத்துக்கோ அல்ல. 1948 ஜனவரி 1 வரை தங்கியிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கும் உண்டு! நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களை சுதந்திர இந்தியாவின் ராணுவம் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் அன்றைய தேதியில் அவர்கள் பணிப் பட்டியலிலேயே இல்லை. அதாவது, சுதந்திரம் என்று பெயர் பொறித்த பதக்கம், அதுக்காகத் துப்பாக்கி தூக்கினவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நண்பர் ஒருவர் வீட்டில் இந்த முடிச்சு வந்தது. அவர் தாத்தா மலாயாவில் தோட்டத் தொழிலாளி, ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர். அங்கே சேர்ந்த பொதுமக்களில் பெரும்பகுதி தமிழர்தான், நம்பக்கூடிய கதை. தாத்தாவின் நினைவு மலரில் போட மூவர்ண நாடா பதக்கத்தின் படத்தை அனுப்பி, 'இதுதானே ஐ.என்.ஏ. பதக்கம்?' என்று கேட்டார். விற்பனையாளர் ஒருவர் ஏற்கெனவே ஆமாம் என்று சொல்லியிருந்தாராம். விளிம்பைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இந்தப் பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். இருந்த பெயர் தாத்தாவுடையது அல்ல, அவருடைய தம்பியுடையது. படைப்பிரிவு மெட்ராஸ் ரெஜிமெண்ட்.

அண்ணன் ஐ.என்.ஏ., தம்பி பிரிட்டிஷ் இந்திய ராணுவம். ரெண்டு பேர் சாமானும் எப்போதோ ஒரே டப்பாவில் சேர்ந்துவிட்டது. நண்பரின் அம்மாவுக்குக் கேட்டதும் வருத்தம், சின்னத் தாத்தா வெள்ளைக்காரனுக்கு வேலை செய்தவரா என்று. ஆகஸ்ட் 15 அன்று காலையில் அதே சீருடையில் அவர் சுதந்திர நாட்டின் சிப்பாயாகவும் ஆகியிருந்தார், ரெண்டும் சேர்ந்தேதான் அந்த விளிம்பில் இருக்கு என்று சொன்னேன்.

ஐ.என்.ஏ. பதக்கம் ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைக்கலாமா என்றும் நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். போஸ் ஏற்படுத்திய ஆசாத் ஹிந்த் பதக்கங்களைச் செய்தது வியன்னாவின் ருடால்ஃப் சூவல் நிறுவனம். போருக்குப் பின்னும் சேகரிப்பாளர்களுக்காக அதே அச்சு வகைகளில் அடித்து விற்றார்கள். அதனால் கையில் இருக்கும் பதக்கத்தை வைத்து ஒருவர் ஐ.என்.ஏ.வில் இருந்தார் என்று நிறுவ முடியாது. 1972ல் தொடங்கிய மத்திய அரசின் விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்துக்கும் பதக்கத்தை அல்ல, ஆவணத்தைத்தான் கேட்டார்கள்.

ஒரு வேண்டுகோள். படம் எடுக்கும் முன் பிராசோ போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், விளிம்பு எழுத்து போய்விடும்.

சின்னத் தாத்தாவின் எண்ணை வைத்து வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆவணப் பிரிவுக்கு நண்பர் கடிதம் எழுதியிருக்கிறார். அண்ணனுக்கு எண் எதுவும் இல்லை. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் இருக்கின்றன, அங்கேதான் தேட வேண்டும்.