அம்புலிமாமா ஓவியர் சங்கர் – ஒரு மதிப்பீடு

கதைக்குப் படம் வரைவோரைக் கலைஞர் வரிசையில் வைத்து எண்ணும் வழக்கம் நம்மிடையே குறைவு. கவிஞரைப் பற்றி நூல்கள் உண்டு. நாவலாசிரியரைப் பற்றி ஆய்வேடுகள் உண்டு. கோயிற் சிற்பத்தைப் பற்றி ஓரளவு உண்டு. வார இதழிலும் திங்களிதழிலும் ஆயுள் முழுவதும் படம் வரைந்தவரைப் பற்றி எழுதப் புகுந்தால், அவர் இறந்தபின் வெளிவந்த இரங்கற் குறிப்புகளே நமக்குப் பெரும்பாலும் கிட்டுகின்றன. அதிலும் தேவகன்னியரையும் யட்சியரையும் அரக்கரையும் வேதாளத்தையும் வரைந்தவர் என்றால், சிறுவர்க்கு வேடிக்கை காட்டியவர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கி விடுகிறோம். இந்த ஒதுக்கல் முறையன்று என்பது நம் கருத்து. அக்கருத்தை நிறுவுதற்கு, அம்புலிமாமா இதழில் அறுபதாண்டுக் காலம் வரைந்த சங்கர் என்னும் கே. சி. சிவசங்கரனை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

அவர் 1924ஆம் ஆண்டில் தாராபுரத்தை அடுத்த காரத்தொழுவில் பிறந்தார். ஊர்ப்பெயரே அவருடைய பெயரின் முதலெழுத்தாயிற்று. சிறு வயதிலேயே சென்னைக்கு வந்து, பள்ளிப் படிப்புக்குப் பின் அரசு ஓவியப் பள்ளியிற் பயின்றார். அந்நாளில் அப்பள்ளியின் தலைமை தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் இருந்தது. மனித உடலின் எலும்பையும் தசையையும் பிழையறக் கற்பித்த இடம் அது. சங்கரின் பிற்காலப் படைப்புக்கு இப்பயிற்சி எவ்வாறு அடித்தளமாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம். 1946இல் பயிற்சி முடித்தவர், கி. வா. ஜகந்நாதன் ஆசிரியராக இருந்த கலைமகளில் சேர்ந்தார். 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவுக்கு மாறினார். அதன்பின் இடம் மாற அவர் எண்ணவில்லை.

அம்புலிமாமா 1947 ஜூலையில், நாடு விடுதலை பெறுவதற்கு ஒரு திங்கள் முன்னதாக, தெலுங்கிலும் தமிழிலும் ஒருங்கே தோன்றியது. நிறுவியவர்கள் நாகி ரெட்டியும் சக்ரபாணியும். ‘பாதாள பைரவி’ (1951), ‘மாயா பஜார்’ (1957) ஆகிய படங்களை எடுத்தவர்களும் அவர்களே. மாயமும் மந்திரமும் வடபழனியில் அன்று ஒரு தொழிலாகவே நடந்தன எனலாம். திரையில் ஒரு பங்கு, தாளில் ஒரு பங்கு. இதழின் ஆசிரியப் பொறுப்பைக் கொடவடிகண்டி குடும்பராவ் 1952 முதல் 1980இல் மறையும் வரை வகித்தார். அட்டைப்படங்களை வட்டாதி பாப்பையா வரைந்தார். தொடர்கதைகளின் மாய உலகைச் சித்ரா வரைந்தார். இவ்விருவருக்கும் நடுவே தம் இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்தவர் சங்கர்.

அந்த இடத்தை அவருக்குத் தந்தது ஒரு சுடுகாடு. விக்கிரமன் உருவிய வாளுடன் நடக்கிறான்; தோளில் பிணம் கிடக்கிறது; பிணத்தினுள் புகுந்த வேதாளம் பேசத் தொடங்குகிறது. கதாசரித்சாகரம் முதலிய பழைய வடமொழி நூல்களில் வேதாளம் சொல்லும் கதைகள் இருபத்தைந்து என்பர். அவை தீர்ந்த பின்னரும் வாசகர் விடவில்லை, இதழும் விடவில்லை. வேறு கதைகளை அதே சட்டகத்தில் பொருத்திப் பல நூறு கதைகளாக அது வளர்ந்தது. மாதந்தோறும் கதை மாறும். தொடக்கமும் முடிவும் மாறா. மாறாத அந்தத் தொடக்கத்தின் படம் சங்கருடையது. நம் தலைமுறையினரில் பலருக்கு வேதாளம் என்ற சொல்லைக் கேட்டவுடன் மனத்தில் எழுவது நூலிற் கண்ட வேதாளமன்று. அவர் தீட்டிய வேதாளமே.

அப்படத்தின் சிறப்பு எதில் உள்ளது? அச்சமூட்டுவதில் என்று பலரும் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. மண்டையோட்டையும் பாம்பையும் எவரும் வரையலாம். சங்கரின் திறம் எடையில் உள்ளது. தோளிற் கிடக்கும் பிணம் உண்மையாகவே கனக்கிறது. அதன் கனத்தைத் தாங்கி அரசனின் உடல் சாய்கிறது. ஊன்றிய கால் மண்ணில் அழுந்துகிறது. அதே உடல், மௌனம் கலைந்த மறுகணம், எடையே இல்லாததாகி முருங்கை மரத்துக்குப் பறந்து விடுகிறது. முதற் படத்தில் கனத்தை நம்பியதனால்தான் கடைசிப் படத்தில் பறத்தலையும் நம்புகிறோம். ஓவியப் பள்ளியில் எலும்பும் தசையும் கற்றது இங்கே பயன்பட்டது. மாயத்தை வரைவதற்கு முன் மண்ணை வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை இதழோவியர் பலர் அறிவதில்லை. அரசனின் முகத்தையும் நோக்குக. அதில் அச்சமும் இல்லை, வீராவேசமும் இல்லை. வேலையை முடிக்க வேண்டும் என்ற கவலை ஒன்றே தெரிகிறது. நள்ளிரவில் சுமை தூக்குகிற கூலியாளின் முகம் அது. நம் முன்னோரில் பலர் இத்தீவுத் துறையில் இறங்கியபோது அவர்களுக்கும் அந்த முகமே இருந்திருக்கும்.

மேலைநாட்டில் தேவதைகளை வரைந்தே புகழ் பெற்றோர் உளர். இங்கிலாந்தின் ஆர்தர் ராக்காம் (1867–1939) முறுக்கேறிய மரங்களின் வேர்களுக்கிடையே குறுமனிதரையும் சிறகுடைய தேவதையரையும் வைத்தார். சிசிலி மேரி பார்க்கர் 1923இல் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு பூவுக்கும் ஒரு சிறு தேவதையைப் படைத்து, பட்டாம்பூச்சியின் சிறகை அதற்கு அணிவித்தார். அழகிய படங்கள், ஐயமில்லை. ஆயினும் அங்கே தேவதை என்பது பூவளவினள்; தோட்டத்தில் வாழ்பவள்; மனிதரினும் சிறியவள். நம் மரபு வேறு. திருமுருகாற்றுப்படையில் மலைச்சாரலில் ஆடும் சூரரமகளிர் பூவளவினர் அல்லர். கொல்லிப்பாவை தன்னைக் கண்டவனை மயக்கிக் கொல்பவள். நம் மோகினியும் யட்சியும் மனிதப் பெண்ணின் அளவினர்; அழகே அவர்களது அச்சம். பறப்பதற்குச் சிறகும் வேண்டியதில்லை. மாமல்லபுரத்துப் பாறையில் வானோர் பறப்பதைப் பாருங்கள்: மடங்கிய கால்களும் முன்சாய்ந்த உடலும் போதும், கல் பறக்கிறது. சங்கரின் வானுலகத்தார் இந்தச் சிற்ப மரபினர். வண்ணத்திலும் அணிகலனிலும் ரவிவர்மாவின் அச்சுப்படங்களுக்கு அவர் கடன்பட்டவர்தாம். உடலைக் காற்றில் நிறுத்துவதிலோ அவர் பல்லவச் சிற்பிக்குப் பேரன்.

இனி, அவர் பணியாற்றிய முறையை எண்ணுதல் வேண்டும். கதை தெலுங்கில் முதலில் உருவாகும். பின் பிற மொழிகளுக்குப் பெயரும். காலப்போக்கில் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் இதழ் வந்தது. எழுத்து மாறும், படம் மாறாது. வங்காளச் சிறுவனும் மலையாளச் சிறுமியும் தமிழ்க் குழந்தையும் ஒரே படத்தைத் தத்தம் எழுத்துச் சூழக் கண்டனர். ஓவியனுக்கு இது பெரும் வாய்ப்பு, பெருந்தளையும் கூட. கல்கியின் பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த தூண் சோழர் தூண். அதைக் கண்டவர் தஞ்சையைக் கண்டனர். சங்கரின் அரண்மனை எந்த நாட்டது? உச்சயினியும் அன்று, மதுரையும் அன்று. எல்லா மொழியினரும் தம்முடையது என்று கொள்ளத்தக்க பொது அரண்மனை அது. உழவனின் தலைப்பாகையும் பொதுத் தலைப்பாகையே. மணியத்தின் படத்தில் உள்ள மண்வாசனை இங்கே இல்லை என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையை நாம் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் தாய்மண்ணிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்து வந்த நமக்கு அப்படம் வேறொரு வகையில் உதவிற்று. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரில், மரைன் ஹில்லின் சரிவில் குடியிருக்கும் நம் குடும்பங்களைப் பாருங்கள். அண்டை வீட்டில் வங்காளம், எதிர் வீட்டில் தெலுங்கு, தெருவில் இந்தி. கப்பல் தாமதித்தால் சென்னை இதழும் தாமதிக்கும். அண்டை வீட்டுப் பிள்ளை கையில் அதே விக்கிரமனைக் கண்ட நம் பிள்ளை, தன் கதையும் அவன் கதையும் ஒன்று என்பதை மொழிபெயர்ப்பாளர் இன்றியே அறிந்தது. அறிந்தபின், தன் பிரதியில் உள்ள எழுத்தைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தது. பள்ளியில் தமிழைப் பாடமாக ஏற்காத குழந்தைகளும் இவ்வாறு படிக்கக் கற்றதுண்டு. படம் பாதிக் கதையைச் சொல்லும். மீதியை அறிய எழுத்தை நாட வேண்டும். இந்த இடைவெளியைச் சங்கர் நன்கு உணர்ந்திருந்தார். முடிவைப் படத்தில் வெளிப்படுத்திவிடாது, அதற்கு முந்தைய கணத்தையே அவர் பெரும்பாலும் தேர்ந்தார்: வாள் ஓங்கியிருக்கும், வெட்டியிராது, கதவு பாதி திறந்திருக்கும். (இதழின் பின்பக்கத்துப் புகைப்படத் தலைப்புப் போட்டிக்கு அஞ்சலட்டை எழுதிப் பரிசு பெறாதோரெல்லாம் கூடினால் நம் சங்கத்தினும் பெரிய சங்கம் அமையும். தமிழில் எழுதப் பழகியதற்கு அதுவும் ஒரு காரணம்.)

புகழ் போதும், குறைகளையும் கூறுவோம். மாதந்தோறும் கெடுவுக்குள் வரைந்து தள்ள வேண்டியவரிடம் திரும்ப வருதல் தவிர்க்க இயலாதது. சங்கரின் இளவரசியர் அனைவரும் தமக்கை தங்கையர் போல இருக்கின்றனர். ஒரே நாசி, ஒரே கண், ஒரே சாய்வு. கிழவியரையும் சூனியக்காரியரையும் வரையும்போது மட்டும் அவர் கை விடுதலை பெறுகிறது. அம்முகங்களில் ஒன்றைப் போல் மற்றொன்று இராது. நாடெங்கும் அன்றைய நாட்காட்டிகளை ஆண்ட அழகின் இலக்கணம் அவரது நாயகியரைச் சிறைப்படுத்தியது. அழகற்றவருக்கு இலக்கணம் இல்லாமையால் அவர்கள் தப்பினர்.

இதனினும் பெருங்குறை ஒன்றுண்டு. அது சங்கர் ஒருவருடையது அன்று. அந்த இதழின் ஓவிய மரபு முழுவதற்கும், அதற்கு முந்தைய நாட்காட்டி ஓவியத்துக்கும், திரைக்கும் உரியது. தேவர் வெண்ணிறத்தர், அரக்கர் கருநிறத்தர். அரசகுமாரி பொன்னிறம், காட்டில் எதிர்ப்படுபவன் கரியவன், சுருண்ட முடியினன், பெரிய பல்லினன். மற்ற ஊர்களில் இதனை வெறும் வழக்கு என்று கூறித் தாண்டிச் செல்லலாம். இத்தீவில் அது இயலாது. ஜாரவா மக்களின் காட்டை ஊடறுத்துச் செல்லும் நெடுஞ்சாலையில் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து செல்லும் நம் பிள்ளைகள், மரங்களுக்கிடையே கரிய உருவம் ஒன்று தோன்றுமா என்று நோக்குகின்றனர். அந்த நோக்கில் படப்புத்தகம் கற்பித்ததும் கலந்திருக்கிறது. இம்மண்ணுக்கு நமக்குப் பல்லாயிரம் ஆண்டு முற்பட்ட குடிமக்களை, நாம் பிறந்த ஊரில் வாங்கிவந்த அரக்கனின் படத்தைக் கொண்டு அளப்போமானால், அது ஓவியத்தைப் பற்றிய கேள்வியாக மட்டும் நில்லாது. நம் குடும்பங்களும் கரிய நிறத்தவரே என்பதை நினைத்தால் இதன் கொடுமை இரட்டிப்பாகும். தம் நிறத்து மனிதனை அரக்கனாகக் கண்டும் நம் பிள்ளைகள் விக்கிரமனோடு சேர்ந்தே நடந்தனர்.

சங்கரைக் காக்க ஒரு சொல் கூறலாம். அவரது வேதாளம் இந்தப் பிரிவுக்குள் அடங்காதது. அது தீயதும் அன்று, நல்லதும் அன்று. அறிவுடையது, கேலி செய்வது, அரசனைச் சோதிப்பது. முடிவில் உண்மையான தீங்கு துறவி வேடத்தில் காத்திருக்கிறது என்பதை அரசனுக்கு அறிவித்து அவனைக் காப்பதும் அதுவே என்று பழங்கதை கூறும். ஆகவே மாதந்தோறும் சங்கர் வரைந்த பேயுரு, பேயுருவைக் கண்டு முடிவு கட்டாதே என்னும் கதையின் முகப்பாகவே நின்றது. இதை அவர் எண்ணித்தான் வரைந்தாரா என்று நாம் கேட்கவில்லை. படம் அவ்வாறு நிற்கிறது, அது போதும்.

அவருடைய பிற்காலம் விரைவில் சொல்லத்தக்கது. 1998இல் இதழ் நின்றது, மறு ஆண்டு புதிய உரிமையாளர் கையில் மீண்டது, 2007இல் மற்றொரு நிறுவனத்துக்குக் கைமாறியது, 2013இல் ஓய்ந்தது. கணினி வண்ணம் புகுந்த பின்வந்த படங்களில் பளபளப்பு மிகுதி, நிழல் குறைவு. சுடுகாட்டில் இருள் இன்றி எவ்வாறு? எனினும் எண்பது வயது கடந்த பின்னும் அவர் கோடு நடுங்கவில்லை. அம்புலிமாமாவுக்குப் பின் ராமகிருஷ்ண விஜயத்துக்கும் வரைந்தார். 2020 செப்டம்பர் 29ஆம் நாள் தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார். பத்மஸ்ரீ விருது 2021இல் அறிவிக்கப்பட்டது. அறுபதாண்டுகள் வேலை செய்தவருக்கு நான்கு திங்கள் முன்னதாக அதைத் தர இயலாமற் போயிற்று.

இன்று நம் இல்லங்களில் அம்புலிமாமா வருவதில்லை. பேரப்பிள்ளைகள் கைப்பேசியிற் காணும் தேவதைகளுக்குச் சிறகு உண்டு, தமிழ் இல்லை. பழைய இதழ்களைப் பைண்டு செய்து பெட்டியில் வைத்தவர்கள் நம்முள் இன்னும் சிலர் உளர். இத்தீவின் ஈரக்காற்றும் கரையானும் தாளை நெடுநாள் விட்டுவைப்பதில்லை. பிரித்துப் பார்க்கும்போது வண்ணப் பக்கங்களை மட்டும் புரட்டாமல், ஒற்றை வண்ணத்தில் அச்சான உட்பக்கங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுக. கோட்டை மட்டும் நம்பி அவர் வரைந்த கிழவியரும் கள்வரும் கழுதைகளும் அங்கேதான் இருக்கின்றனர். நம் மதிப்பில் அவரது நல்ல பகுதி அதுவே.