எண்ணிக் கேட்பதும் எண்ணாமல் கேட்பதும்

ஒரு மிருதங்க வித்வானைப் பற்றி ‘கணக்கு அதிகம்’ என்றால் அது பாராட்டா குறையா என்பது சொல்பவரின் குரலைப் பொறுத்தது. பாட்டோடு ஒட்டி ஓடும் சர்வலகு ஒரு பக்கம். கோர்வை கட்டிச் சமத்தில் கொண்டுவந்து இறக்கும் கணக்கு மறுபக்கம். தலைமுறைகளாகத் தீராத வழக்கு இது. அமெரிக்காவில் 1990களில் தலையெடுத்த, சிக்கலான தாளக் கணக்கில் ஓடும் மேத் ராக் இசையைக் கேட்க, இந்த வழக்கில் ஊறிய காதைவிடப் பொருத்தமான காது கிடைக்காது. அதே காதுதான் அந்த இசைக்குக் குறுக்கேயும் நிற்கிறது என்பது என் கட்சி.

அந்த வகையில் பேட்டில்ஸ் குழுவின் ‘மிரர்ட்’ (2007) ஆல்பத்தை எடுத்துக்கொள்கிறேன். கிட்டாரிலோ கீபோர்டிலோ ஒரு சின்னத் துணுக்கை வாசித்து, லூப் கருவியில் சுழலவிட்டு, அதன்மேல் அடுத்ததை அடுக்குவது இவர்கள் வழி. இந்த வழியில் ஐந்து மாத்திரைத் துணுக்கும் நான்கு மாத்திரைத் துணுக்கும் சேர்ந்து சுழன்றால், இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்க 20 மாத்திரை ஆகும். அதுவரை ஒவ்வொரு சுற்றிலும் உரசும் இடம் நகர்ந்துகொண்டே இருக்கும். ‘தகதகிட’ ஐந்து, ‘தகிட தகதிமி’ ஏழு என்று சொல்லிப் பழகியவருக்கு இந்த நகர்வு உடனே பிடிபடும். மற்றவருக்கு அது வெறும் தடுமாற்றம். எண்ணிக் கேட்பதன் பெரிய பலன் இதுதான்.

கெடுதலும் இங்கேயே தொடங்குகிறது. கச்சிராயப்பாளையத்திலிருந்து கரியாலூர் ஏறும் பேருந்தில் இந்த ஆல்பத்தைக் கேட்டு வந்தபோது, என் விரல்கள் தாமாகவே தொடையில் எண்ணத் தொடங்கின. ‘கண்டம்’ என்று கண்டுபிடித்ததும் திருப்தி வந்துவிட்டது; திருப்தி வந்ததும் காது மூடிக்கொண்டது. கிட்டாரின் கரகரப்பு, ஒரு லூப் தேய்ந்து மறையும் விதம், இவையெல்லாம் கைநழுவிப் போயின. அடுத்து வந்த ‘அட்லஸ்’ என்னைத் திருத்தியது. ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தப் பாட்டில் தாளம் ஒரே சீரான துள்ளல் நடை. கணக்குப் பார்க்க ஒன்றுமில்லை. பாடும் டயோண்டை பிராக்ஸ்டனின் குரலைப் பொம்மைக் குரல்போல உயர்த்திச் சிதைத்திருக்கிறார்கள். சொல் புரியாது, உடம்பு ஆடும். ஆல்பத்தின் உச்சம் அதுவே என்பேன். சர்வலகுக்காரர்கள் இதைக் கேட்டால் தங்கள் பக்கம் தீர்ப்பாகிவிட்டதாகவே கொண்டாடுவார்கள்.

ஆனால் கணக்கின் சுகம் எங்கே இருக்கிறது? ஏழு மாத்திரைச் சொல்லை மூன்று தரம் வாசித்தால் 21. ஆதி தாளத்தின் 32 மாத்திரையில் 11 கழித்து எடுத்தால், முடிந்த அடுத்த நொடி சமம். சபையில் பாதிப் பேர் கையில் தாளம் போட்டுக்கொண்டு அந்த இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அது வந்து விழும்போது எல்லார் கையும் ஒன்றாக விழுகிறது. மேத் ராக்கில் பொதுவான தாளக்கை இல்லை. சந்திக்கும் இடம் இருந்தாலும் ரசிகருக்கு அதை முன்கூட்டிச் சொல்லிவைப்பவர் யாருமில்லை. சிக்கல் தெரிகிறது, காத்திருப்பு இல்லை. இந்த வகையின் முதன்மையான குறையாக இதையே சொல்வேன்.

பேட்டில்ஸ் குழுவிடம் நாம் கற்க வேண்டியதும் உண்டு. அவர்களுடைய டிரம்மர் ஜான் ஸ்டேனியரின் டிரம் மேடையின் முன்வரிசையில், நடுவில் நிற்கிறது. ஒரே ஒரு சிம்பலைத் தலைக்கு மேலே எட்டிப் பிடிக்கும் உயரத்தில் வைத்திருக்கிறார். அதை அடிக்கும் ஒவ்வொரு முறையும் கை முழுதாக நீள்வதைப் பார்க்கலாம். தாளம் அங்கே பக்கவாத்தியம் அல்ல. நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகும் வழக்கம் எனக்கு இன்றும் வேதனை தருகிறது. லயத்தில் இவ்வளவு செல்வம் வைத்திருக்கும் நாம் அதை வைத்திருக்கும் இடம் இதுவா?

எனினும், லூப் ஓடத் தொடங்கிவிட்டால் ஸ்டேனியரும் அதன் காலப்பிரமாணத்துக்குள்தான் வாசித்தாக வேண்டும். கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கோயில் திருவிழாவில் பம்பைக்காரர் எதிரே ஆடுபவரின் காலைப் பார்க்கிறார். அருள் வரும் நேரத்தில் நடையை நெருக்குகிறார், தளர்ந்தால் தளர்த்துகிறார். லூப் கருவிக்கு அந்தக் கண் கிடையாது.

ராகத்தில் வளர்ந்த காதுக்கு இன்னொரு பசியும் மிஞ்சும். துணுக்குகள் சுழல்கின்றன, விரிவதில்லை. ஒரு ஸ்வரத்தை அசைத்து அதன் உள்ளே போகும் சஞ்சாரத்துக்கு இந்த ஆல்பத்தில் இடமில்லை. சென்னையின் ஜடாயு குழு இந்த இடத்தில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர்களுடைய ‘சாங்கோ டேல்ஸ்’ தொகுப்பில் கிட்டார் கமகத்தோடு பேசுகிறது. ராக் இசையின் அடி அதன் கீழே இருக்கிறது. கணக்கில் பேட்டில்ஸ் அளவுக்கு அவர்கள் துணியவில்லை. அந்தத் துணிவும் இந்தக் கமகமும் ஒரே ஆல்பத்தில் சேர வேண்டும். அதைச் செய்யக்கூடிய இடத்தில் நம் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள்.