குள்ளர்களைப் படைத்த கொல்லன்

ஐஸ்லாந்து தேசத்துப் பண்டைப் புராணங்களைக் கி.பி. 1220-ஐ ஒட்டி உரைநடையில் தொகுத்த ஸ்நோரி ஸ்டுர்லூசன், குள்ளர்களின் உற்பத்தியைக் கூறுமிடத்தில், கொலையுண்ட ஆதி அசுரன் ஈமிரின் மாமிசத்தில் புழுக்களாய் நெளிந்துகொண்டிருந்த அவர்களுக்குத் தேவர்கள் மனித உருவையும் அறிவையும் அருளினார்கள் என்று எழுதிச் செல்கிறார். ஆகாயத்தை நான்கு திசைகளிலும் தாங்கி நிற்பவர்கள் அக்குள்ளர்களே. தோரின் சம்மட்டியையும் ஓடினின் ஈட்டியையும் செய்து கொடுத்தவர்களும் அவர்களே. ஆயினும், துன்பம் வந்த வேளையில் கூவி அழைப்பதற்கு அவர்களுக்கென்று ஒரு தெய்வத்தை அப்புராணங்களில் காணோம். எகிப்தின் மெம்பிஸ் நகரில் சிற்பக் கடவுளாகிய ப்தாவின் ஆலயத்தில் குறளுருவச் சிலை ஒன்று இருந்ததாகவும், அதைக் கண்ட பாரசீக மன்னன் காம்பைசிஸ் பரிகசித்ததாகவும் ஹெரொடோட்டஸ் சொல்லுவதால், கைத்தொழில் தெய்வத்தையும் குள்ள வடிவத்தையும் ஒருசேர நினைத்தல் மிகப் பழைய வழக்கம் என்பது விளங்கும். ஆனால் குள்ளர் குலம் முழுவதற்கும் தந்தையாக நிற்கும் ஒரு கடவுளைப் படைத்தளித்தது இருபதாம் நூற்றாண்டின் கற்பனை இலக்கியமே.

அத்தகைய கடவுளருள் முதல்வனும், என் எண்ணத்தில் தலையாயவனும், ஜே. ஆர். ஆர். டோல்கீனின் ஔலே. ஆசிரியர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1977-இல், அவர் புதல்வர் கிறிஸ்டோபர் பதிப்பித்து வெளியிட்ட ‘சில்மரிலியன்’ என்னும் நூலில் அவன் சரித்திரம் வருகிறது. பூமியின் பாறைகளுக்கும் உலோகங்களுக்கும் அதிபதியான ஔலே, தன் வித்தையைக் கற்றுக்கொள்ள மாணாக்கர் வேண்டும் என்ற தாபத்தால், பரம்பொருளாகிய இலுவதார் தம் மக்களைத் தோற்றுவிக்கும் காலம் வரையிலும் காத்திருக்க மாட்டாமல், மலையடியில் ஒரு மண்டபத்தில் யாரும் அறியாமல் குள்ளர்களின் மூதாதையர் எழுவரைச் செய்து முடித்து, தானே ஆக்கிய ஒரு பாஷையையும் அவர்களுக்குப் போதிக்கத் தொடங்குகிறான். தீய சக்தியான மெல்கோரின் ஆட்சி நிலவிய காலம் அது. ஆதலால்தான் அவர்களைக் கல் போன்ற உறுதியும் வளைந்து கொடாத மனமும் உடையவர்களாக அமைத்தான்.

இலுவதாருக்கு ஒளிப்பது எவ்வாறு? நீ நினைத்தால் அசைந்து, நினையாதபோது வெறுமனே நிற்கும் பொம்மைகளையன்றி வேறெதை உன்னால் ஆக்க முடியும் என்று அவர் வினவவே, அடக்கியாளும் ஆசையால் அன்று, அன்பு செலுத்தவும் கற்பிக்கவும் விரும்பியே இதைச் செய்தேன் என்று விடை கூறி, கண்ணீர் பெருக, தான் பெற்ற மக்களைத் தானே அழிப்பதற்குச் சம்மட்டியை ஓங்குகிறான் ஔலே. அப்பொழுது அந்த எழுவரும் அஞ்சி ஒடுங்கித் தலை வணங்கி உயிர்ப்பிச்சை கேட்கிறார்கள். பொம்மை அஞ்சுமோ? அவன் தன் குற்றத்தை உணர்ந்து பணிந்த கணத்திலேயே அவர்களுக்குத் தனி உயிர் அருளப்பட்டுவிட்டது என்பதற்கு அந்த அச்சமே சாட்சி. படைப்போன் தன் படைப்பின் மீதுள்ள உரிமையைக் கைவிட்டபோதுதான் அது ஜீவன் பெறுகிறது என்னும் இவ்வுண்மையை இத்துணைச் சுருக்கமாக உணர்த்தும் கதையை இத்துறையில் வேறெங்கும் நான் கண்டதில்லை. ஔலேயிடம் தொண்டு புரிந்தவர்களாகவே முற்காலத்தில் இருந்து, பின்னர்த் தீயோராய் மாறிய சௌரனும் சருமனும் அந்தச் சம்மட்டியைக் கீழே வைக்க அறியாமற்போனதை நினைத்தால், கதையின் ஆழம் பின்னும் புலப்படும்.

குள்ளர்கள் ஔலேயை மஹல் என்று அழைக்கிறார்கள். மரித்தபின் தங்களை அவன் தனி மண்டபங்களில் சேர்த்து வைப்பான் என்றும், இறுதிப் போருக்குப் பின் உலகைப் புதுப்பிக்கும் திருப்பணியில் தாங்களும் அவனுக்குத் துணைநிற்போம் என்றும் நம்புகிறார்கள். 1937-இல் வெளிவந்த ‘ஹாபிட்’ நவீனத்தில் மரணப்படுக்கையில் கிடக்கும் குள்ளர் தலைவன் தோரின், உலகம் புதுமை பெறும் வரையில் தன் முன்னோர் அருகே அமர்ந்து காத்திருக்கப் போவதாகச் சொல்லும் இடத்தில், தெய்வத்தின் பெயர் சொல்லப்படாவிடினும், இந்த நம்பிக்கையின் சாயை தெளிவாகவே படிந்திருக்கிறது.

டோல்கீனுக்குப் பின் வந்தவர்களிடம் தெய்வம் பெருகியது, துயரம் குறைந்தது. 1974-இல் தோன்றிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டில் குள்ளர்களின் பிதாவாக விளங்கும் மொராடின், உலோகங்களாலும் மணிகளாலும் அவர்களை வடித்து, சூடு தணிய ஊதிய மூச்சினாலேயே ஆன்மாவையும் புகுத்தினான் என்பது ஐதீகம். மூச்சே உயிராவது அழகிய கற்பனைதான்; ஆனால் அவன் கை நடுங்கும் தருணம் ஒன்றும் அங்கே இல்லை. போருக்கு ஒருவன், பேராசைக்கு ஒருவன், புதைபொருளின் இரகசியங்களுக்கு ஒருவன் எனப் பரிவாரத் தேவதைகள் சேரச் சேர, தெய்வ பக்தி அதிகாரப் பங்கீடாகச் சுருங்கிவிடுகிறது. ‘டிராகன்லான்ஸ்’ கதைகளில் வரும் ரியார்க்ஸின் சம்மட்டிப் பொறிகள் நட்சத்திரங்களாயின என்பதை மட்டும் மறக்க மனம் வரவில்லை.

‘வார்ஹாமர்’ விளையாட்டு உலகத்துக் கிரங்னியும் கிரிம்னிரும் வலாயாவும் வேறு வகையினர். குள்ளர் குலத்தின் மூதாதையராய் இருந்து வழிபாடு பெற்றவர்களாதலின், நம்முடைய குலதெய்வ வழிபாட்டை அறிந்தவர்களுக்கு இவர்களை விளக்க வேண்டுவதில்லை.

படைப்பு எப்போது தனி உயிர் பெறுகிறது என்று டோல்கீன் எழுப்பிய வினாவை மீண்டும் கையில் எடுத்தவர், பலரும் ஹாஸ்ய ஆசிரியர் என்று மட்டுமே கருதும் டெர்ரி பிராட்செட். 2005-இல் வெளியான அவருடைய ‘தட்!’ என்ற நாவலில், டாக் என்னும் கடவுள் முதலில் தன்னையும், பிறகு நெறிகளையும், அதன்பின் உலகத்தையும் எழுதுகிறான். பின்னர் எழுதிய குகையில் கிடந்த கல்முட்டையிலிருந்து இரு சகோதரர் பிறக்க, ஒளியை நாடியவன் முதல் மனிதனும், இருளை நாடியவன் முதல் குள்ளனும் ஆகிறார்கள். எஞ்சிய ஓட்டிலும் டாக்கின் உயிர்ப்பு தங்கியிருந்தமையால் அதிலிருந்து குள்ளர்களின் பரம்பரைப் பகைவனாகிய பூதமும் எழுந்தது; ஆகவே தலைமுறை தலைமுறையாகக் குள்ளர் வெறுத்து வந்த அக்குலமும் அதே கடவுளின் கையெழுத்தே ஆகிறது.