பறையர் என்ற பெயரும் ‘பரியா’ என்ற சொல்லும்

சொற்பொருள் மாற்றம் என்றாலே ஆங்கிலத்தில் ‘நைஸ்’தான் எடுத்துக்காட்டு. ஒரு காலத்தில் ‘மடத்தனமான’, இப்போது ‘நல்ல’. யாருக்கும் வலிக்காது. ‘பரியா’ அப்படி இல்லைங்க. பறையர் என்ற நம் மக்களின் பெயர் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தது. 19ஆம் நூற்றாண்டில் ‘எல்லாரும் ஒதுக்கிய ஆள்’ என்று பொதுப்பொருளும் பெற்றது. இன்று ஒரு நாட்டைக்கூட அப்படி எழுதுகிறார்கள். இதற்குப் ‘பொருள் விரிவு’ என்று மட்டும் விடை எழுதினால் போதாது, மாணவர்களே. ஒதுக்கியவர் யார் என்பது அந்தப் பொருளில் இல்லை. ஒதுக்கப்பட்டவரின் பெயரே வசையாகிவிட்டது. 2011இல் மலேசியாவில் ஐந்தாம் படிவத்துக்கு வந்த ‘இன்டர்லோக்’ நாவல் எதிர்ப்பைச் சந்தித்ததற்கும் இச்சொல் முக்கியக் காரணம். மொழிபெயர்ப்புப் பயிற்சியில் வந்தால் ‘ஒதுக்கப்பட்ட நாடு’ என்றே எழுதுங்கள். ‘பரியா’வை அப்படியே தமிழில் இறக்கிவிடாதீர்கள்.