வால் நுனியில் மூன்று ஆண்டுகள்

குதிரையின் வால் நுனியில் தொங்கும் முடி நேற்று முளைத்ததல்ல. வால் முடி மாதத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 3 சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டர் நீளத்துக்கு இறங்கிய வாலைப் பார்த்தால், அதன் நுனி தோலைவிட்டு வெளியே வந்து ஏறத்தாழ மூன்று ஆண்டோ அதற்கு மேலோ ஆகிறது என்று பொருள். உடம்பின் மற்ற உரோமம் பருவத்துக்குப் பருவம் உதிர்ந்து புதிதாக முளைக்கிறது. பிடரியும் வாலும் அப்படி மொத்தமாகக் கொட்டுவதில்லை. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, வேலியில் சிக்கி, எழுந்திருக்கும்போது தன் குளம்பாலேயே மிதிபட்டு, அத்தனைக்கும் தப்பிய முடிதான் நுனியில் நிற்கிறது. அவசரத்தில் ஒருவர் கெட்டிச் சீப்பை எடுத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தால் அந்த மூன்று ஆண்டும் சீப்போடு வந்துவிடும்.

குதிரைக்கு நீண்ட பிடரியும் அடர்ந்த வாலும் வரவழைக்கும் பழக்கத்தை மதிப்பிட இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். உலகமெங்கும் காட்சிக் குதிரை வளர்ப்பவர்கள் இதற்காகச் செய்யும் செலவும் உழைப்பும் கொஞ்சமில்லை. பின்னல், துணிப்பை, சிலிகான் தெளிப்பான், எண்ணெய், தீவனத்தோடு கலக்கும் பொடி என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் ‘முடி வளர்க்கும் வழி’ என்றே சொல்கிறார்கள். ஆனால் இவற்றில் பயன் தருபவை ஏறக்குறைய எல்லாமே, வளர்ந்த முடி உடையாமல் காப்பவை. வேரில் வளர்ச்சியை முடுக்குவதாகச் சொல்லிக்கொள்பவைதான் பெரும்பாலும் ஏமாற்றம் தருகின்றன.

காக்கும் கலையில் இந்தப் பழக்கம் கண்டறிந்தவை உண்மையிலேயே அருமையானவை. முதலாவது, விரல். நல்ல லாயங்களில் வாலுக்குத் தினமும் சீப்புப் போட மாட்டார்கள். ஒட்டிய வைக்கோலையும் முள்ளையும் விரலால் எடுப்பார்கள். சிக்கை நுனியிலிருந்து தொடங்கி, கொத்துக் கொத்தாகப் பிரித்து, மெல்ல மேலே ஏறுவார்கள். வீட்டில் நீண்ட கூந்தலுள்ள பெண்ணுக்குச் சிக்கெடுத்த அனுபவம் உள்ள எவருக்கும் இது புதிதல்ல. முடியை நடுவில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு கீழ்ப்பகுதியை மட்டும் சீவினால் வேருக்கு வலி போகாது. குதிரைக்கும் அதே முறைதான். சீப்பு வேண்டுமென்றால் அது நன்றாகக் கழுவி, காய்ந்து, வழுவழுப்பு ஏற்றிய பிறகுதான்.

அந்த வழுவழுப்புக்குத்தான் சிலிகான். ஷோஷீன் போன்ற தெளிப்பான்களில் இருப்பது அதுவே. முடியின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, ஒரு முடி இன்னொன்றின் மேல் உரசாமல் வழுக்கச் செய்கிறது. சிக்கு விழுவது குறைகிறது. அதனால் உடைவதும் குறைகிறது. முடிக்கு இது எந்தச் சத்தும் தருவதில்லை, தரவும் முடியாது. தோலுக்கு வெளியே இருக்கும் முடி உயிரற்ற கெராட்டின். ஊட்டம் என்று புட்டியில் அச்சிட்டிருந்தாலும் வேலை உராய்வைக் குறைப்பதுதான், அந்த வேலையை அது செவ்வனே செய்கிறது. முதுகில் சேணம் அமரும் இடத்தில் மட்டும் இதைத் தெளித்துவிடக் கூடாது. சேணம் வழுக்கி, ஏறியிருப்பவர் விழுந்துவிடுவார். குதிரைக்காக அமெரிக்காவில் தயாரான மேன் அண்ட் டெய்ல் ஷாம்புவை 1990-களில் மனிதர்களும் வாங்கித் தலைக்குத் தேய்க்கத் தொடங்கினார்கள். அதில் வியப்பில்லை. நம் கூந்தலும் குதிரையின் வாலும் ஒரே புரதத்தால் ஆனவை.

தேங்காய் எண்ணெய்? மனிதத் தலைமுடியில் அது உள்ளே ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். குதிரைக்கும் உதவக்கூடும். ஆனால் குதிரை மண்ணில் புரளும் விலங்கு. எண்ணெய் தடவிய வால் அரை நாளில் புழுதி பிடித்துச் சடையாகிவிடும். அந்தச் சடையைப் பிரிக்கையில் உடையும் முடி, எண்ணெய் காப்பாற்றிய முடியைவிட அதிகம். புழுதிக் கொட்டடியில் நிற்கும் குதிரைக்கு நான் எண்ணெயைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது பின்னலும் பையும். வால்தண்டின் எலும்பு முடியும் இடத்துக்குக் கீழே முடியை மூன்று பிரியாகத் தளர்வாகப் பின்னி, மடித்து, துணிப்பைக்குள் வைத்துக் கட்டிவிடுவது. வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை அவிழ்த்து, கழுவி, காயவைத்து, மறுபடி பின்னுவார்கள். மிதிபடுவதும் வேலியில் சிக்குவதும் நின்றுபோகின்றன. ஓராண்டு இப்படிக் காத்த வாலைக் காட்சியரங்கில் அவிழ்த்துவிடும்போது அது அருவிபோல் இறங்குவதைப் பார்த்தால், செய்தவர்களின் பொறுமைக்குத் தலைவணங்கத்தான் தோன்றும். கைத்தவறு நேர்ந்தால் கேடும் பெரிது. கட்டு வால்தண்டின் மேலேறி இறுகிவிட்டால் இரத்த ஓட்டம் தடைப்படும். தோல் அழுகி வாலையே இழந்த குதிரைகள் உண்டு. நனைந்த பை கனத்துத் தொங்கினால் முடியை வேரோடு இழுக்கும். பை கொக்கியில் மாட்டிக்கொண்டு குதிரை மிரண்டு ஓடினால், ஆண்டுக்கணக்கில் சேர்த்த முடி ஒரு கணத்தில் கொத்தாகப் பிய்ந்துவிடும்.

இவையெல்லாம் கவனமிருந்தால் தவிர்க்கக்கூடியவை. பையின் மீது என் அடிப்படை மறுப்பு வேறு. வால் குதிரைக்குக் கை. ஈயும் கொசுவும் உட்காரும் விலாவையும் தொடையையும் வயிற்றையும் அது வாலால்தான் காக்கிறது. மேய்ச்சலில் இரண்டு குதிரைகள் தலைமாறி அருகருகே நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஒன்றின் வால் மற்றதன் முகத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு, ஈ மொய்க்கும் மாதத்தில் குதிரையை வெளியே விடுவது என்ன நியாயம்? அது காலை உதைத்துக்கொண்டே நிற்கும், தோலைச் சிலிர்த்துக்கொண்டே இருக்கும், மேய்வதற்கு நேரமிருக்காது.

வாலை அறுக்கும் கொடுமை ஒரு காலத்தில் பிரிட்டனில் வண்டிக்குதிரைகளுக்குச் சாதாரணமாக நடந்தது. கடிவாள வாரில் வால் சிக்கக்கூடாது என்பது காரணம். பிறகு அதுவே நாகரிகமாகவும் ஆகிவிட்டது. 1877-இல் வெளிவந்த ‘பிளாக் பியூட்டி’ நாவலில் அன்னா சீவெல் படைத்த சர் ஆலிவர் என்ற கிழக்குதிரை, வால் அறுபட்டதால் ஈயை விரட்ட முடியாமல் போன தன் நிலையைத் தானே சொல்லும். வாலறுப்பைத் தடைசெய்யும் சட்டம் பிரிட்டனில் வந்தது 1949-இல்தான். பை கட்டுவதை வாலறுப்போடு ஒரே தட்டில் நான் வைக்கவில்லை. பையை அவிழ்த்தால் வால் திரும்பக் கிடைக்கும். ஆனால் பை கட்டியிருக்கும் வரையில் அந்தக் குதிரையின் நிலையும் சர் ஆலிவரின் நிலையும் ஈயின் கண்ணுக்கு ஒன்றுதான். பையின் அடியில் துணிக்கீற்றுகளைத் தொங்கவிட்டு விற்கிறார்கள், அவை ஈ ஓட்டும் என்று. ஓரளவுக்கு ஓட்டும். முடியின் வீச்சும் நுனியின் சுளீரும் துணிக்கு வராது.

அமெரிக்கக் குவார்ட்டர் குதிரைக் காட்சிகளில் இன்னொரு வழி இருக்கிறது. குதிரை முடியிலேயே செய்த பொய்வாலை உண்மை வாலோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். விதிகள் அதை அனுமதிக்கின்றன. அரங்கில் பார்க்க நிறைவாக இருக்கும், முடிந்ததும் கழற்றிவிடலாம், குதிரையின் ஈயோட்டும் வேலைக்கும் இடையூறில்லை. ஒருவகையில் இது பையைவிட நேர்மையானது என்றுகூடச் சொல்வேன். ஆனால் காட்சியில் வாலை மதிப்பிடுவதற்கு அப்புறம் என்ன பொருள் என்ற கேள்வி நிற்கிறது.

தீவனப் பொடிகளுக்கு வருகிறேன். பயோட்டின் என்ற வைட்டமின்தான் இந்தச் சந்தையின் நாயகன். அதற்குப் பின்னால் அறிவியல் இல்லாமல் இல்லை. லிப்பிசானர் குதிரைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பயோட்டின் கொடுத்து நடத்திய ஆய்வு 1995-இல் வெளிவந்தது. பல மாதங்கள் தொடர்ந்து கொடுத்த பிறகு குளம்பின் தரம் மேம்பட்டது. குளம்பும் கெராட்டின், முடியும் கெராட்டின், ஆகவே முடிக்கும் நல்லது என்று விற்பவர்கள் தாவிவிடுகிறார்கள். குளம்பில் கண்டதை வாலுக்கு அப்படியே எழுதி வைப்பது ஆய்வாகாது. ஊட்டம் குறைந்த குதிரைக்குப் புரதமும் தாமிரமும் துத்தநாகமும் சேர்த்தால் முடி தேறும், மங்கிய நிறம் திரும்பும், சந்தேகமில்லை. நிறைவாக உண்ணும் குதிரைக்கு மேலும் கொட்டினால் மேலும் முடி வராது.

சில சமயம் இருப்பதும் போகும். செலினியம் இதற்கு உதாரணம். கொஞ்சம் தேவை, நாள்பட அளவு மீறினால் பிடரியும் வாலும் கொட்டும், குளம்பில் வெடிப்பு விழும். ஒரே குதிரைக்கு மூன்று கம்பெனிப் பொடிகளைக் கலந்து கொடுப்பவர்கள், மூன்றிலும் செலினியம் இருப்பதைக் கூட்டிப் பார்ப்பதில்லை. முடி கொட்டுவதைக் கண்டு நான்காவது பொடியை வாங்குகிறார்கள். ஒரேயடியாக அளவு மீறினால் உயிரே போகும். 2009 ஏப்ரலில் ப்ளோரிடாவின் வெலிங்டனில் போட்டிக்கு நின்ற 21 போலோ குதிரைகள் மாண்டன; அவற்றுக்குப் போட்ட சத்து மருந்துக் கலவையில் செலினியம் மிகையாக இருந்தது.

நம் ஊரில் இதைவிட அருகில் ஓர் ஆபத்து முளைத்து நிற்கிறது. சூபாபுல், சவுண்டல் என்று அழைக்கும் மரம். ஆட்டுக்குக் கண்கண்ட தீனி என்று வரப்பெல்லாம் வளர்க்கிறோம். அதன் இலையிலும் விதையிலும் மிமோசின் என்ற நச்சு உண்டு. முடி முளைக்கும் வேர்ச்செல்கள் பெருகுவதை அது நிறுத்திவிடும். அசைபோடும் விலங்கின் இரைப்பையில் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர் வாழ முடியும். குதிரை அசைபோடுவதில்லை. ஆட்டுக்கு ஒடித்த தழையில் மிச்சத்தைக் குதிரைக்கும் போட்டால், பிடரியும் வாலும் உதிரத் தொடங்கும். எந்த ஷாம்புவும் இதற்கு மருந்தாகாது. தழையை நிறுத்துவதுதான் மருந்து.

இந்தப் பழக்கத்தின் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. முடியைப் பார்க்கிறார்கள், அது முளைக்கும் தோலைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். வால் மேற்பகுதியில் முடி குட்டையாக உடைந்து துருத்தி நின்றால், குதிரை அதை எங்கோ தேய்க்கிறது என்று பொருள். ஏன் தேய்க்கிறது? குழந்தைகளைத் தொல்லைப்படுத்தும் கீரிப்பூச்சிக்கு உறவான ஆக்ஸியூரிஸ் என்ற புழு, குதிரையின் ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும், தாங்காத அரிப்பு. பேன் இருக்கலாம். கியூலிகாய்ட்ஸ் என்ற பொடிக்கொசுவின் கடி ஒவ்வாமல் பிடரி அடியும் வால் அடியும் புண்ணாகலாம். அந்தக் கொசு நெடுங்காலம் இல்லாதிருந்த ஐஸ்லாந்தில் பிறந்து, வளர்ந்தபின் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான குதிரைகளை இந்த ஒவ்வாமை மிகக் கடுமையாகத் தாக்குகிறது. பாலுறுப்பு உறையிலும் மடியிலும் அழுக்குத் திரண்டிருந்தாலும் குதிரை வாலைத் தேய்க்கும். இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகப் பாராமல் உடைந்த முடிக்கு மேல் தெளிப்பானை அடிப்பது, அழும் பிள்ளையின் முகத்தைத் துடைத்துவிட்டு அழுகையின் காரணத்தைக் கேளாமல் போவதற்குச் சமம்.

இனமும் ஓர் எல்லை போடுகிறது. ஃப்ரீசியன் குதிரைக்குப் பிடரி அலையலையாக இறங்குவது பிறவி வரம். அக்கல்-டெக்கே இனத்துக்கு மெல்லிய பிடரிதான். அப்பலூசாக்களில் பலவற்றுக்கு வால் சிற்றெலிவால்போல் ஒட்டியிருக்கும். அப்பலூசாவை ஃப்ரீசியனாக்க முயல்வது அந்தக் குதிரைக்குச் செய்யும் அவமரியாதை என்றே எனக்குப் படுகிறது. நீளம்தான் அழகு என்பதும் எல்லாக் காலத்துக்கும் பொதுவானதல்ல. உளை, சுவல் என்று பிடரி மயிருக்கு இரண்டு அழகான சொற்களை வைத்திருந்த சங்கப் புலவர்கள், அதைக் கொய்து ஒழுங்குசெய்த குதிரைகளையும் தேரில் பூட்டிப் பாடினார்கள். இங்கிலாந்து லாயங்களிலோ பிடரியைச் சீப்பில் சுற்றி வேரோடு பிடுங்கி மெலிதாக்குவது இன்றும் வழக்கம்.

முடியை வெறும் அலங்காரமாகப் பார்க்கும் பார்வை மெல்ல மாறுகிறது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, முகத்தின் உணர்முடிகளை மழித்த குதிரைகளை 2021 ஜூலை முதல் போட்டிக்கு அனுமதிப்பதில்லை. மூக்கருகேயும் கண்ணருகேயும் நீளும் அந்தச் சில முடிகள் குதிரையின் தொடுபுலன் என்று அது ஒப்புக்கொண்டது. வாலுக்கும் அதே மரியாதை வேண்டும் என்று கேட்கிறேன். இரவில், ஈ புகாத லாயத்துக்குள் பை கட்டலாம். குளிர்மாதங்களில் பகலிலும் கட்டலாம். ஈக்காலம் தொடங்கியதும் பையைக் கழற்றி, பின்னலை அவிழ்த்து, குதிரையை வெளியே விட்டுவிட வேண்டும். அது வாலை வீசும்போது கொஞ்சம் முடி உடையும். உடையட்டும். மாலையில் லாயத்துக்குத் திரும்பியதும் விரலால் சிக்கெடுக்கும் கை, கூடவே வால்தண்டைத் தூக்கி அடித்தோலையும் ஒருமுறை தடவிப் பார்க்கட்டும்.